தறி ஓடாத வாரம், டிவி ஓடிய வாரம்

எங்கள் வீட்டு டிவியில் சத்தம் எப்போதும் அறுபதில் இருக்கும். ஹாலுக்கும் விசைத்தறிக் குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அதைச் சாத்தினால் நூல் அறுவது தெரியாது, திறந்து வைத்தால் டிவியில் பேசுவது கேட்காது. சோறு போடுவது தறி என்பதால் கதவு திறந்தேதான் கிடக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சீரியல் பார்த்தது அப்படித்தான். தறியில் ஓடுகிற நாடாவுக்கு நூல் சுற்றிய தார் மாற்றிவிட்டு நிமிர்ந்தால் ஒரு முகம் அழுதுகொண்டிருக்கும். அறுந்த பாவு நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தால் இன்னொரு முகம் முறைத்துக்கொண்டிருக்கும். யார் யாரை, எதற்காக என்பதையெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது அத்தை சொல்லிவிடுவார்.

2025 மார்ச் 19-ஆம் தேதியிலிருந்து தறி நின்றிருந்தது. கூலியை உயர்த்திக் கொடுக்கச் சொல்லி, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்கிறவர்கள் நிறுத்தியிருந்தோம். சோமனூர், பல்லடம், தெக்கலூர், அவிநாசி என்று எந்தப் பக்கம் வண்டியில் போனாலும் சத்தமே இருக்கவில்லை. பேச்சுவார்த்தை என்ன ஆச்சு, மீட்டருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் இவர் தினமும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதை எழுத உட்கார்ந்தால் எனக்கு வயிறு எரியும். அதனால் மார்ச் 24 திங்கள் முதல் 30 ஞாயிறு வரை, கை சும்மா இருந்த வாரத்தில் பார்த்த டிவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திங்களும் செவ்வாயும் பாதிதான் சேர்த்தி. பாப்பாவின் பிளஸ் டூ பரீட்சை 25-ஆம் தேதிதான் முடிந்தது. அதுவரை டிவி சத்தம் பன்னிரண்டைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. அறுபதில் பழகிய அத்தை, "ஏம்மிணி, டிவி கெட்டுப்போச்சாக்கும்?" என்றார். கெட்டெல்லாம் போகவில்லை. தறி ஓடாத வீட்டில் பன்னிரண்டே கணீரென்று கேட்டது. சொத்துக்காக எல்லோரையும் ஆட்டிப் படைக்கிற ஒரு பெரியம்மா பாத்திரம் உண்டு; அந்த அம்மாவின் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். கீச்சுக் குரல். முறைக்கிற முறைப்பைப் பார்த்துக் கட்டைக் குரலாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நானாகவே நினைத்து வைத்திருந்தேன்.

ஒரு சீரியலை முதலிலிருந்து கடைசி வரைக்கும், வேறு வேலை எதுவும் செய்யாமல் பார்ப்பது எனக்குப் புதுசு. ஒரு காட்சியைச் சொல்கிறேன், சீரியல் பேர் வேண்டாம். மருமகள் சாப்பாட்டுக் கேரியரோடு வாசற்படியில் நிற்கிறாள். உள்ளே மாமனார் போனில், நிலத்தை விற்றாயிற்று என்கிறார். கேரியர் கீழே விழவில்லை, அதெல்லாம் பழைய காலம். கேமரா அவள் முகத்தை நோக்கி மூன்று தடவை பாய்கிறது, பாய்ச்சலுக்கு ஓர் இடி. அப்புறம் மாமனார் முகம். கதவுக்குப் பின்னால் நாத்தனார் முகம். மாடிப்படியில், எதுவுமே காதில் விழுந்திருக்க முடியாத கொழுந்தனார் முகம். அவருக்கும் மூன்று பாய்ச்சல். எல்லாம் முடிந்து மருமகள் வாயைத் திறக்கிறாள்: "என்ன... நிலத்த வித்துட்டீங்களா?" விளம்பரம். ஜட்டி பனியன், மசாலாப் பொடி, நகைக்கடை. திரும்பி வந்தால் அவள் மறுபடியும் கேரியரோடு வாசற்படி ஏறுகிறாள்.

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் உள்ளே இருந்து சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அப்புறம் படுத்துக்கொண்டு யோசித்தபோது, அந்த மூன்று பாய்ச்சலும் எனக்காகப் பாய்ந்தவைதானே என்று பட்டது. முதல் பாய்ச்சலுக்கு நான் தறியின் மேல் குனிந்திருப்பேன். இரண்டாவதற்கு இடிச் சத்தம் கேட்டு நிமிர்வேன். மூன்றாவதில்தான் முகத்தைப் பார்ப்பேன். வசனத்தைத் திரும்பக் கேள்வியாகக் கேட்பதும், விளம்பரம் முடிந்து கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவதும் குழம்பு தாளித்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறவர்களுக்காகத்தான். 1999-இல் ‘சித்தி’ வந்த காலத்திலிருந்து, 2002-இல் ‘மெட்டி ஒலி’, 2003-இலிருந்து 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளுக்கும் மேலே ஓடிய ‘கோலங்கள்’ என்று எல்லாவற்றையும் வேலையோடு வேலையாகத்தான் இந்தப் பக்கத்துப் பெண்கள் பார்த்திருக்கிறோம். 2012-இல் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதும் யாருக்கும் கதை விட்டுப்போகவில்லை. மூன்று நாள் பார்க்காமல் நாலாவது நாள் உட்கார்ந்தாலும் கேரியர் அதே படியில்தான் இருக்கும்.

கையில் வேலை இருந்தால் இது வசதி. சும்மா உட்கார்ந்து பார்த்தால் சித்திரவதை. வாரத்தின் பெரிய பள்ளம் எனக்கு இதுதான். தறி ஓடத் தொடங்கினால் மறுபடியும் பிடித்துப்போகும் என்று நினைத்தேன்.

எட்டு மணி ‘சிங்கப்பெண்ணே’வை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2023 அக்டோபரில் தொடங்கியது. கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற, ஹாஸ்டலில் தங்கியிருக்கிற ஆனந்தி என்ற பெண்ணின் கதை. என் தங்கச்சி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எட்டரைக்கு எனக்குப் போன் போட்டுவிடுவாள். "அக்கா, அந்தக் கம்பெனில ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டுச் சொல்லு. மிசின் ஓடுற சத்தமே காணோம். நடுவுல எந்திரிச்சுப் போயி அழுதுட்டு வாராளுக, பீஸ் கணக்கு கேக்க ஒருத்தனும் வரமாட்டேங்கறான். துணியில பஞ்சுகூட பறக்கறதில்ல பாரு."

அவள் சொல்வது நிஜம். திருப்பூரில் பண்டல் வந்து விழுகிற வேகத்துக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. கூட நின்று உதவுகிற கைமடிக்கிற பிள்ளை ஒருநாள் வரவில்லை என்றால் பவர் டேபிளில் தைக்கிறவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் காதலிக்கத் தெம்பு இருக்குமா என்று ஒரு சீரியலும் கேட்காது. ஆனாலும் பங்களாவில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சதி செய்கிறவர்களுக்கு நடுவே, மிஷினில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணை ராத்திரி எட்டு மணிக்கு நாயகியாக்கியிருக்கிறார்களே, அதற்கு நான் பார்ப்பேன். இத்தனை குறை சொல்கிற தங்கச்சியும் ஒருநாள் விடுவதில்லை. ஷிப்ட் நீண்டுபோனால் பஸ்ஸில் போனில் பார்த்துக்கொண்டே வருகிறாளாம்.

புதன்கிழமை நியூஸ் சேனல். இவர் தினமும் சாயங்காலம் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு, நம்ம ஸ்ட்ரைக் செய்தி வருகிறதா என்று ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே போவார். எல்லாவற்றிலும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒரு சேனலின் மாவட்டச் செய்தித் தொகுப்பில் வந்தேவிட்டது. "விசைத்தறி வேலைநிறுத்தம் தொடர்கிறது" என்று அந்தப் பெண் மூச்சு விடாமல் வாசித்தது. பின்னால் ஓடிய படத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருக்க, காடாத் துணி உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த வருஷத்துப் படமோ.

"எவன்டா அது, நாம நிறுத்தியிருக்கறப்ப ஓட்டறவன்?" என்று எழுந்தே விட்டார் இவர். பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்குப் போன். அவரும் அதே செய்தியைப் பார்த்துவிட்டு இவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்ததால் ரெண்டு பேருக்கும் லைன் பிஸி. அந்த வாரத்தில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான். அதையும் ஒரு நிகழ்ச்சியாக வைத்து மார்க் போட்டால் முதல் மார்க் அதற்குத்தான் போடுவேன்.

பரீட்சை முடிந்த கையோடு பாப்பா டிவியைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். பெங்களூரில் இருக்கும் மச்சினர் பையனின் பாஸ்வேர்டு, என் போன் நெட். பத்து மணிக்கு அத்தையின் சீரியல்கள் முடிந்த பிறகு ‘சுழல்’ வெப் சீரிஸ். 2022 ஜூனில் முதல் பாகம் வந்தபோது எங்களுக்கு நேரம் இல்லை. 2025-இல் ரெண்டாவது பாகம் பிப்ரவரி 28-ஆம் தேதி வந்ததும், ரெண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று பிடிவாதம். பாகத்துக்கு எட்டு எபிசோடு. புஷ்கர், காயத்ரி எழுதியது.

முதல் பாகம் தொடங்குவதே ஒரு ஸ்ட்ரைக்கில். சாம்பலூர் என்ற கற்பனை ஊர், ஒரு சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கத் தலைவராகப் பார்த்திபன். இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தனக்கே எடுத்த படம் என்று நினைத்தாரோ என்னவோ, பார்த்திபன் ஆலைக்காரர்களிடம் பேசும்போதெல்லாம் "அப்படிக் கேளு" என்று உற்சாகம். அப்புறம் ஆலை தீப்பிடிக்கிறது, அதே ராத்திரி சங்கத் தலைவரின் சின்னப் பெண் காணாமல் போகிறாள், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. கதை அந்தப் பெண்ணைத் தேடிப் போய்விடுகிறது.

ரெண்டாவது நாள் ராத்திரி நடுவில் நிறுத்தச் சொல்லி இவர் கேட்டார்: "ஏம் பாப்பா, அந்த ஸ்ட்ரைக் என்னாச்சு? அத்தன குடும்பம் சம்பளமில்லாம கெடக்குமே, அவிய ஊட்டுல அடுப்பு எரியறத ஒருக்கா காட்டியிருக்கலாமில்ல?"

"ப்பா, இது திரில்லர்ப்பா."

"அடுப்பு எரியலைன்னாலும் திரில்லர்தான் சாமி" என்றுவிட்டுத் தண்ணி குடிக்கப் போனார்.

எனக்கு அந்தத் தொடர் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு எபிசோடு முடியும்போதும் ஒருவர் மேல் இருந்த சந்தேகம் இன்னொருவர் மேல் போய் உட்கார்கிற சாமர்த்தியம் லேசுப்பட்டதில்லை. குழந்தைகளுக்கு நடக்கிற கொடுமையைக் கையாண்ட விதத்தில் கூச்சமும் அக்கறையும் இருந்தன. ஆனால் இது சீரியலுக்கு நேர் எதிர். ஒரு நிமிஷம் எழுந்து போய்ப் பால் உறை ஊற்றிவிட்டு வந்தால் யார் யாருக்குச் சொந்தம் என்பதே போய்விடுகிறது. தறியோடு சேர்த்துப் பார்க்கவே முடியாது. ஸ்ட்ரைக் இல்லாவிட்டால் நான் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

ரெண்டாம் பாகம் காளிப்பட்டினம் என்ற கடலோர ஊரில். லால் நடித்த வக்கீல் கொலையாகிறார், எட்டுப் பெண்கள் தனித்தனியாக வந்து நான்தான் கொன்றேன் என்கிறார்கள். தூங்கப் போயிருந்த அத்தை அம்மன் வேஷங்களின் சத்தம் கேட்டு எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டார். குலசேகரப்பட்டினத்து தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிறவர்களைப் பார்த்த ஞாபகம் வந்ததாம். கொலை, கோர்ட் எதுவும் அவருக்கு வேண்டாம். "அந்தக் காளி வேசங்கட்டின புள்ளைய மறுக்காக் காட்டச் சொல்லு" என்று பாப்பாவைப் பின்னால் தள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தார். திருவிழாவை எடுத்த விதம் கண்ணுக்கு நிறைவு. கதையை ஆறு எபிசோடில் முடித்திருக்கலாம். கடைசி எபிசோடுகளைப் பாப்பா ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாள், எல்லோரும் கோபத்தில் படபடவென்று பேசுகிற மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

போகிற போக்கில் ஒரு குறை. டிவியிலும் சரி, இந்த வெப் சீரிஸ்களிலும் சரி, எங்கள் பக்கத்து ஆள் வந்தால் சமையல்காரராக, கல்யாணத் தரகராக, சிரிப்புக் காட்டுகிறவராகத்தான் வருவார். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு ‘ங்’ ஒட்டிவிட்டால் கோயமுத்தூர் ஆகிவிட்டது என்று நினைப்பு. எங்கள் ஊரில் கொலை செய்கிறவனும் மரியாதையாகத்தான் பேசுவான். ஒரு திரில்லருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஐபிஎல் கிரிக்கெட். நான் பார்க்கிறவள் இல்லை, ஆனாலும் ரிமோட் சண்டையைப் பதிவு செய்யாவிட்டால் வாரம் முழுமையாகாது. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். ஏழரைக்கு ஆட்டம், எட்டு மணிக்கு ஆனந்தி. அத்தை விடவில்லை, இவர் போனில் பார்த்தார். பெங்களூரு 196, சென்னை 146. 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் சென்னையை ஜெயித்தது அன்றைக்குத்தானாம். தோனி அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவது ஆளாக இறங்கி, தோற்பது உறுதியான பிறகு 16 பந்தில் 30 அடித்தார். இவர் ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கௌகாத்தியில் ராஜஸ்தானிடம் சென்னை 6 ரன்னில் தோற்றபோது பெரிய டிவியிலேயே பார்த்தார். சீரியல் இல்லாத நாள். பெரிதாகப் பார்த்ததால் துக்கமும் பெரிதாக இருந்ததுதான் மிச்சம்.

வாரத்தில் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் பழையது. சனிக்கிழமை மத்தியானம், அரிசிம்பருப்பு சாதம் தின்றுவிட்டு எல்லோரும் சாய்ந்திருந்தபோது, யூடியூபில் ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’வை நான்தான் போட்டேன். 1997, 98-இல் சன் டிவியில் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. எழுதினவர் 2024 நவம்பரில்தான் காலமானார்.

அது ஓடிய காலத்தில் எங்கள் அமுச்சி ஊரில், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி ஊரில், காங்கயம் பக்கம், ரெண்டு மூன்று வீட்டில்தான் கேபிள் இருந்தது. ஒருவர் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், ஊரே உட்கார்ந்திருக்கும். ஊருக்கு வெளியே எங்களுக்குச் சொந்தமாகவே ஒரு கருப்பராயன் கோயில், அரிவாளும் குதிரையுமாக. தொடரில் கருப்புசாமி குதிரையில் வருகிற குளம்புச் சத்தம் கேட்டுவிட்டு, அந்தக் கோயிலைத் தாண்டித்தான் வீட்டுக்கு நடக்கவேண்டும். அப்புச்சி, எங்கள் தாத்தா, முன்னால் டார்ச் லைட்டோடு போவார், நாங்கள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவோம். அப்புச்சி வேண்டுமென்றே நடுவில் ஒருதரம் லைட்டை அணைப்பார்.

பாப்பா முதல் பத்து நிமிஷம் கேலி செய்தாள். படம் கலங்கலாக இருக்கிறது, மியூசிக் பழசு. தேவதர்சினி வந்ததும் "அட, இவங்க காமெடி பண்றவங்கதானே!" என்று ஆச்சரியம். அவருக்கும் சேத்தனுக்கும் இந்தத் தொடரில் பழகித்தான் கல்யாணம் ஆனது என்று நான் சொன்னதும் அதை உடனே கூகுளில் சரிபார்த்தாள். அதற்குப் பிறகு போனைக் கையில் எடுக்கவில்லை. கதை அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் மாறி மாறிப் போகிறது. ஊரில் தப்பு செய்தவர்களைச் சாமி தண்டிக்கிறதா, சாமி பேரில் யாராவது தண்டிக்கிறார்களா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எங்கும் அவசரப்படாமல் போகிறது. முகத்துக்குப் பாய்கிற கேமரா இல்லை. ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் சும்மா காட்டுகிறார்கள், பயமாக இருக்கிறது. அதுவும் வாராவாரம் டிவியில் வந்ததுதான், அதையும் வேலை செய்கிற ஜனம்தான் பார்த்தது. ஆனால் அந்த அரைமணி நேரம் அமுச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரும். வாரத்துக்கு ஒருநாள் வருவதால் அப்படி அணைக்க முடிந்தது. தினமும் மூன்று மணி நேரம் வருவதற்கு யாரால் அடுப்பை அணைக்க முடியும்? எனக்குத் தெரிந்து சீரியல் மாறினதற்குக் காரணம் எழுதுகிறவர்களுக்குச் சரக்கு தீர்ந்தது மட்டுமில்லை, வாரம் என்பது நாளாக ஆனதும்தான்.

முடிவை இங்கே சொல்ல மாட்டேன். பாப்பாவும் இன்னும் பாதியில்தான் இருக்கிறாள், இதைப் படிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதோட கேபிள்காரத் தம்பி பணம் வாங்க வந்தது. வாசலில் நின்றுகொண்டே, "அக்கா, இந்த மாசம் எல்லா ஊட்லயும் தறி ஓடட்டும் பாக்கலாம்ங்கறாங்க, என்ற பொழப்பு என்னாவறதுங்க்கா" என்றது. இவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுத்த மாசம் வரச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அத்தை சுருக்குப்பையை அவிழ்த்து, சிறுகச் சேர்த்த சிலுவாட்டுக் காசில் இருநூற்றைம்பதை எண்ணி நீட்டிவிட்டார். தம்பி ரசீது எழுதும்போது யார் பேருக்கு என்று கேட்டது. அத்தை தன் பேரைச் சொல்லி, அதைச் சத்தமாக ஒருதரம் படிக்கவும் சொன்னார். அப்புறம் உள்ளே வந்து, ராஜஸ்தான் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்த மகனின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குப் பாத்துக்கோ கண்ணு. நாளையிலிருந்து ஏழுலருந்து பத்து வரைக்கும் கேக்கப்படாது."